உள்ளே ஆள் இருக்கிறது

"போதும் மேடம், நிறுத்துங்க. என் உயிர் காது வழியா வெளிய வருது."

சைரன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கெஞ்சினான். ஆபரேட்டர் நிறுத்தவில்லை. டேப் ரெக்கார்டரின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அறை முழுக்க இரும்பு இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. பாட்டு இல்லை, தாளம் இல்லை. ராட்சதன் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குவதைப் போன்ற உறுமல். நடுநடுவே ஒரு கிறீச்சிடல், முதுகுத்தண்டில் ஆணியால் கோடு கிழித்துவிட்டு ஓடியது.

"இதையெல்லாம் நிஜமாவே மனுஷங்க உக்காந்து கேக்கறாங்களா?"

"நாமளும் மனுஷங்கதான், கேட்டுட்டுத்தான் இருக்கோம். வாயை மூடு."

ஆபரேட்டர் இருபத்திரண்டு வருடம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். யார் பொய் சொல்கிறார்கள், யார் அழுகையை அடக்குகிறார்கள் என்பதெல்லாம் மூச்சிலேயே தெரிந்துவிடும். அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகு, அதே காதை வைத்துத் துப்பறியும் தொழிலில் இறங்கினார். அவருடைய உதவியாளன் சைரன் பதினைந்து வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். நாற்பத்தைந்து வயது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வாயடைத்துப்போகும். அவனுக்குத் திறந்துகொள்ளும்.

கேசட்டைக் கொடுத்தவர் அன்று காலையில்தான் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, தாழ்ந்த குரல், சுத்தமாக வெட்டிய நகங்கள். உட்கார்ந்ததும் அறையில் லேசாகக் கிராம்பு வாசனை பரவியது.

"என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினோரு நாளா காணோம்" என்றார். "ஓய்வு நேரத்துல கண்ட கண்ட சத்தத்தைப் பிடிச்சு கேசட் போடுவான். இது அவன் கடைசியாப் போட்டது. ரெண்டாவது பக்கத்துல யாரோ தட்டுற சத்தம் வருது. அவனை எங்கேயோ அடைச்சு வெச்சிருக்காங்கன்னு பயமா இருக்கு. போலீஸ் வேண்டாம். நீங்க கண்டுபிடிச்சு எனக்கு மட்டும் சொன்னாப் போதும்."

அவர் போனபிறகு சைரன் உறையைப் பிரித்தான். கேசட் பெட்டியைச் சுற்றி ஒரு சைக்கிள் டியூப் துண்டு, முனைகள் பசை போட்டு ஒட்டப்பட்டு, இறுக்கமாக இருந்தது. பிளேடால் அறுத்தான். உள்ளே கறுப்பு மையில் கையால் எழுதிய அட்டை.

தலைப்பு: உள்ளே ஆள் இருக்கிறது. மூலையில் ஓர் எண்: 14. அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு வரிகள். "ரெண்டாவது பக்கத்தைக் கேளுங்க. நான் நினைக்கிறது சரியான்னு எழுதுங்க." கீழே, பதில் எழுத ஒரு சாவிக்கடையின் முகவரி.

ஆபரேட்டர் அறுந்த டியூப் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

இரண்டாவது பக்கம் ஒரு மெல்லிய ஊளையோடு தொடங்கியது. ஏறி உச்சிக்குப் போய், சட்டென்று நின்று, மறுபடி கிளம்பும் ஊளை. சைரன் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்னே தெரியல மேடம், இதைக் கேட்டா என் கடைவாய்ப் பல் கூசுது."

ஊளை ஓய்ந்தது. கிறீச், டமார். கிறீச், டமார். இரும்புக் கதவு இரண்டு முறை இழுத்துச் சாத்தப்பட்டது. ஓர் உறுமல் எழுந்து, கீழே கீழே இறங்கி, அடங்கியது. அப்புறம் டேப்பின் இரைச்சல் மட்டும்.

டொக். டொக். டொக்.

சைரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"கேசட்லதான்யா" என்றார் ஆபரேட்டர்.

டொக். டொக். டொக். இடைவெளி விட்டு மறுபடியும். நான்கு நிமிடம் போனது. தட்டல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. மறுபடி அந்த உறுமல், இந்த முறை மேலே ஏறி வந்தது. பாதி வழியிலேயே தட்டல் நின்றுவிட்டது. உறுமல் உச்சிக்கு வந்து ஓய்ந்தது. கிறீச், டமார்.

அதற்குப் பிறகு டேப் முடியும்வரை ஒரு தட்டல்கூட இல்லை.

"இதுல காத்து இல்ல" என்றார் ஆபரேட்டர் மெதுவாக. "பேச்சு இல்ல, காக்கா இல்ல, தெருச் சத்தம் இல்ல. இது மைக்குல பிடிச்சது இல்ல. ஒரு பித்தளைத் தகட்டுல ஒயரைச் சேர்த்து இரும்புல ஒட்டினா, அந்த இரும்பு கேக்கறதை மட்டும் அது கேக்கும். லிஃப்ட் ஓடுற தண்டவாளத்துல ஒட்டியிருக்கான். உறுமுறது லிஃப்ட். அந்த டமார், மடக்குக் கேட். கீழேயிருந்து உச்சிக்கு வர்றதுக்கு முப்பத்தெட்டு வினாடி, எண்ணிட்டேன்."

"அப்ப தட்டுறது மெக்கானிக்கா?"

"அவன் தட்டினா, பதிவு பண்ணது யாரு? டியூப் சுத்தி, பசை போட்டு, நம்பர் எழுதினது யாரு?"

சைரன் அட்டையின் மூலையிலிருந்த எண்ணை மறுபடி பார்த்தான்.

"லிஃப்ட் இறங்கினா தட்டல் ஆரம்பிக்குது. ஏறி வந்தா நின்னுடுது. அதுல வர்ற ஒருத்தரை நினைச்சுப் பயந்துக்கிட்டு யாரோ லிஃப்ட் கூண்டுச் சுவருக்குப் பின்னால இருக்காங்க. காணோம்னு யாருமே தேடாத ஒருத்தர்." ஆபரேட்டர் எழுந்து செருப்பை மாட்டினார். "கிளம்பு. சாவிக்கடைக்கு."

*

சாவிக்கடை ஆள் நுழையும் அளவுக்கு அகலம், ரயில்பெட்டி அளவுக்கு நீளம். சாவிக்காரர் அறுபதைத் தொட்டவர். விரல் நுனிகளில் பித்தளைத் தூள் மின்னியது. கேசட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களும் நம்ம ஆளுங்களா? வாங்க, வாங்க!"

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. முக்காலிகள், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், சுவரோரம் கேசட் அடுக்குகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டுப் பதிமூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்களாம்.

"பேயோட்டுறவங்ககூட இதைவிட அமைதியா வேலை பார்ப்பாங்களே" என்றான் சைரன்.

சாவிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "வெளிய போடற ஒவ்வொரு சத்தமும் நம்மகிட்ட எதையாவது விக்கப் பார்க்குதுங்க. இது யாருக்கும் எதையும் விக்காத சத்தம். ஒரு மணி நேரம் கேட்டுட்டு வெளிய போனா, தெருவே கழுவி விட்ட மாதிரி இருக்கும்."

"இந்தக் கடைசிக் கேசட் எப்படி?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"அதுதான் அவனோட உச்சம்! அந்தத் தட்டல் இருக்கே... மூணு தடவை போட்டுக் கேட்டோம். அழுத்தம் குறைஞ்சு குறைஞ்சு, கை ஓய்ஞ்சு போற மாதிரியே பண்ணியிருந்தான். பதிமூணு பேரும் பாராட்டிக் கடிதம் எழுதினோம். வந்து வாங்கிட்டுப் போனான். படிச்சிட்டு ஒண்ணுமே பேசல. அதுக்கப்புறம் ஆளைக் காணோம்."

"அட்டையில 'நான் நினைக்கிறது சரியா'ன்னு கேட்டிருக்கான். என்ன நினைச்சான்னு கேட்டீங்களா?"

"புது பாணி சரியா வந்திருக்கான்னு..."

"தலைப்பைப் படிச்சீங்களா?"

"படிச்சோமே. உள்ளே ஆள் இருக்..."

சாவிக்காரரின் குரல் பாதியில் அறுந்தது. கையிலிருந்த அரம் மேசைமேல் விழுந்தது.

"அது தலைப்பு இல்லீங்க" என்றார் ஆபரேட்டர். "தகவல்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சாவிக்காரர் முக்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"அவனுக்கு அண்ணன் இருக்காரா?"

"அண்ணனா? கூடப் பிறந்தது ஒரே அக்கா. போன வருஷம் தவறிட்டாங்க. அவனுக்கு இப்ப நாங்கதான்."

"இந்தக் கேசட்டை எத்தனை பிரதி போட்டான்?"

"பதினாலு. பதிமூணு எங்களுக்கு. கடைசி நம்பர் எப்பவும் அவன் ரூம்லயே இருக்கும்."

ஆபரேட்டர் அறுந்த டியூப் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "நம்பர் பதினாலு. இன்னிக்குக் காலையில நாங்கதான் அறுத்தோம். அண்ணன்னு சொல்லிட்டு வந்தவர் பிரிக்கவே இல்ல. ஆனா தட்டுற சத்தம் எந்தப் பக்கத்துல வருதுன்னு சரியாச் சொன்னார்."

"கேக்காமலே எப்படி மேடம்?" என்றான் சைரன்.

"மெக்கானிக் அவர்கிட்டயே போய்ச் சொல்லியிருக்கான். 'உங்க சுவருக்குப் பின்னால யாரோ தட்டுறாங்க, கேசட்டோட ரெண்டாவது பக்கத்துல இருக்கு'ன்னு. இவர் அவன் ரூமை உடைச்சுக் கேசட்டை எடுத்திருக்கார். ஆள் மட்டும் கிடைக்கல. அதுக்குத்தான் நாம. தட்டுறது யாருன்னு தெரிஞ்சவருக்கு அதைக் கேட்டு என்ன ஆகணும்?"

சைரன் மறுபடி தாடையைப் பிடித்திருந்தான். திடீரென்று அவன் கண்கள் அகன்றன.

"மேடம்! கிராம்பு வாசனை! போன வருஷம் இந்தப் பல்லைக் குடையறப்ப டாக்டர் கையில அதே வாசனைதான். அந்த ஊளை... அது டிரில்! பல் குடையற டிரில்!" மூச்சு வாங்கினான். "இதுவரைக்கும் ஒரு பிஸ்கட்டைக்கூட உருப்படியா உடைக்காத பல், இன்னிக்கு ஒரு கேஸை உடைச்சிடுச்சு."

அவன் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. சாவிக்காரரின் முகம் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது.

"மடக்குக் கேட் வெச்ச லிஃப்ட்... அஞ்சு மாடி... பல் டாக்டர்" என்று முணுமுணுத்தார். "மூணு மாசத்துக்கு முன்னாடி அவருக்கு ஒரு பூட்டு போட்டுக் கொடுத்தேன். எக்ஸ்ரே ரூமுக்கு. வெளிப்பக்கம் மட்டும் சாவித்துளை. உள்ள கைப்பிடி வேண்டாமான்னு கேட்டேன். 'உள்ள மெஷின்தானே இருக்கு, மெஷினுக்கு எதுக்குக் கைப்பிடி'ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன்." இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "இந்தக் கையால பூட்டிட்டு, இந்தக் காதால ரசிச்சிருக்கேன்."

ஆபரேட்டர் தனக்குத் தெரிந்த சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். வெளியே இருக்கிறேன், வர அரை மணி நேரமாகும் என்றார் அவர்.

"கிளினிக் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் பூட்டியிருக்கும்" என்றார் சாவிக்காரர். கடிகாரம் ஒன்றேகாலைக் காட்டியது. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் போட்ட பூட்டு. நான்தான் திறக்கணும்."

*

பழைய கட்டடம். வாசலில் பெயர்ப்பலகைகள். பல் மருத்துவமனைப் பலகையில் முதலில் இரண்டு டாக்டர்களின் பெயர் இருந்திருக்கிறது. இரண்டாவது வரியின்மேல் நீல வண்ணம் தடித்து அப்பியிருந்தது.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் கூண்டின் முன்னால் நின்றபோது சைரனின் கைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவன் நெற்றி வேர்த்தது.

"அவர்தான் மேடம்."

"எடு. ஆபீஸ்ல இருக்கோம்னு சொல்லு."

"ஹலோ, வணக்கம் சார்! ஆமா சார், ஆபீஸ்லதான். டீ குடிச்சிட்டு இருக்கோம். கேசட்டை இனிமேதான் சார் கேக்கணும்..."

அந்த நேரம் பார்த்து ஏதோ அலுவலகத்து ஊழியர் ஒருவர் ஃபைல் கட்டோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். கதவை இழுத்துச் சாத்தினார்.

கிறீச், டமார். கிறீச், டமார்.

கைபேசியில் மௌனம். மூன்று வினாடி கழித்து அந்தத் தாழ்ந்த குரல், "சரிங்க, நல்லா டீ குடிங்க" என்றது. இணைப்பு அறுந்தது.

"கேட்டுட்டாரு மேடம்."

"தினமும் கேக்கற சத்தமாச்சே. தெரியாம இருக்குமா? ஏறு, படியில."

"அஞ்சு மாடியா? லிஃப்ட் இங்கேயே நிக்குதே."

"லிஃப்ட் வர்ற சத்தம் கேட்டா உள்ள இருக்கிறவங்க அவர்னு நினைச்சு நடுங்குவாங்க" என்றபடி ஆபரேட்டர் ஏற ஆரம்பித்திருந்தார்.

ஐந்தாவது மாடியில் அந்த மருத்துவமனை மட்டும்தான். வெளிக் கம்பிக்கதவின் பூட்டைச் சாவிக்காரர் இரண்டு நிமிடத்தில் திறந்தார். வரவேற்பறை, வரிசையாக நாற்காலிகள், பல் துலக்குவது எப்படி என்று சிரித்த வாயோடு ஒரு படம். கோடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த கதவு. மஞ்சள் எச்சரிக்கைக் குறி. பூட்டின் ஓரத்தில் சாவிக்கடையின் ஸ்டிக்கர்.

சைரன் கதவைக் கையால் தட்டினான். பஞ்சு மூட்டையைத் தட்டியதுபோல் இருந்தது. "ஹலோ! யாராவது இருக்கீங்களா?"

பதில் இல்லை.

"ஈயத்தகடு அடிச்ச ரூம்" என்றார் ஆபரேட்டர். "கதறினாலும் வெளிய கேக்காது." அவர் வெளியே போய் லிஃப்ட் கூண்டின் கம்பிக்கதவு வழியே கையை விட்டார். தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புச் சட்டம் அந்த அறையின் சுவரில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. வீட்டுச் சாவியால் அதை மூன்று முறை தட்டினார். நெற்றியைக் கம்பியில் ஒட்டவைத்துக் காத்திருந்தார்.

டொக். டொக். டொக்.

காதில் கேட்டது பாதி, எலும்பில் கேட்டது பாதி. ஆபரேட்டர் கண்களை மூடிக்கொண்டார்.

அடுத்த நொடி இன்னொரு தட்டல். டங். டங். டங். இது சுவரிலிருந்து வரவில்லை. தலைக்கு மேலேயிருந்து வந்தது.

"மேடம்" என்றான் சைரன். அவன் குரல் ஒரு நூல் அளவுக்கு இளைத்திருந்தது. "மேலயும் ஒருத்தர் தட்டுறாரு. நமக்கு மேல மாடியே இல்லையே."

அவர் பதில் சொல்வதற்குள் கூண்டுக்குள் கம்பிகள் அதிர்ந்தன. கீழே, வெகு ஆழத்தில், கிறீச், டமார். கறுத்த எண்ணெய்க் கயிறுகள் நகரத் தொடங்கின.

லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது.

சுவரின் தட்டல் அப்படியே செத்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சாவிக்காரரைப் பார்த்துக் கத்தினார் ஆபரேட்டர்.

"பத்து நிமிஷம்! நான் போட்டதிலேயே நல்ல பூட்டு இது!" அவர் கையிலிருந்த கம்பி துளைக்குள் போகாமல் வழுக்கியது.

"முப்பத்தெட்டு வினாடியில பத்து போயாச்சு. இருபத்தெட்டு. சைரன், அந்த நாற்காலியைத் தூக்கிட்டு வா."

"அடிக்கவா மேடம்?"

"உக்காரவா சொல்வேன்? இருபது."

சைரன் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்றான். கயிறுகள் ஓடின. பத்து. லிஃப்டின் கூரை நான்காவது மாடியைத் தாண்டி எழும்பியது. எட்டு. ஏழு.

தலைக்கு மேல் யாரோ மெயின் சுவிட்சை இழுத்து அணைத்ததுபோல் படாரென்று ஓர் ஓசை. விளக்குகள் அணைந்தன. கயிறுகள் வெடவெடத்து நின்றன.

லிஃப்ட் முழுதும் ஏறவில்லை. ஐந்தாவது மாடித் தரையின் மட்டத்தில், கம்பிகளுக்கு நடுவே, ஒரு முகம் மட்டும் தெரிந்தது. காலையில் வந்த அதே மனிதன். அவன் சைரனின் செருப்புகளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

மொட்டைமாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் யாரோ தடதடவென்று இறங்கி வந்தார்கள். கையில் பெரிய ஸ்பானர். பல நாள் தாடி, எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டை. சாவிக்காரர் கதவோடு மல்லுக்கட்டுவதைக் கண்டதும் அவன் ஸ்பானரை ஓங்கினான்.

"நீங்களும் கூட்டா? பூட்டுல உங்க ஸ்டிக்கரைப் பார்த்த அன்னிக்கே தெரியும்!"

"தெரியாம போட்டுட்டேன்டா தம்பி!" சாவிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. "திறந்துட்டு அடி வாங்கிக்கறேன். இப்ப வெளிச்சம் காட்டு."

மெக்கானிக்கின் கை தானாகக் கீழே இறங்கியது. டார்ச்சை எடுத்து அடித்தான்.

"பதினோரு நாளா மேல மெஷின் ரூம்லயா இருந்தே?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"முதல்ல இந்தாள்கிட்டயே போய்ச் சொன்னேன். அப்புறம் போலீஸ்கிட்டப் போனேன். கேசட்டைப் போட்டுக் காட்டினேன். மிக்ஸி ரிப்பேரான்னு கேட்டாங்க. இந்தாளுக்குப் போன் பண்ணாங்க, கம்ப்ரஸர் பைப் சத்தம்னு சொல்லிட்டான். என் ரூமையும் உடைச்சிட்டான். தனியா இந்தக் கதவை உடைக்கவும் முடியல. ஓடிப் போயிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா நான் போனா இவங்க தட்டுறதுக்கு யாரு பதில் தட்டுவாங்க? பயமாத்தான் இருந்துது. விட்டுட்டுப் போகவும் முடியல."

தரை மட்டத்திலிருந்து அந்தத் தாழ்ந்த குரல் வந்தது. "எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. உள்ள இருக்கிறது என் மனைவி. மனநிலை சரியில்ல. நான்தான் வைத்தியம் பார்த்துட்டிருக்கேன். திடீர்னு கதவைத் திறந்தா அவளுக்குத்தான் ஆபத்து. அவ கையில எது கிடைச்சாலும் குத்திக்குவா. ஒரு டாக்டராச் சொல்றேன்."

பதறாத குரல். அன்பான குரல்கூட. சாவிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. மெக்கானிக் ஆபரேட்டரைப் பார்த்தான். ஒரு கணம் யாருக்கும் எதுவும் நிச்சயமாக இல்லை.

"சைரன்" என்றார் ஆபரேட்டர். "பதினைஞ்சு வருஷம் நோயாளிகளைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் ஓடியிருக்கே. உள்பக்கம் கைப்பிடி இல்லாத, ஈயத்தகடு அடிச்ச ரூம்ல நோயாளியை வெச்சிருக்கிற ஆஸ்பத்திரி எங்கேயாவது பார்த்திருக்கியா?"

சைரன் நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான். "இல்ல மேடம். பிணவறையிலகூட ஒரு ஜன்னல் இருக்கும்."

"திறங்க" என்றார் ஆபரேட்டர்.

பூட்டு 'க்ளக்' என்றது.

கதவு கனமாக நகர்ந்தது. அடைபட்ட காற்றின் புழுக்கம் முகத்தில் அறைந்தது. உள்ளே, மூலையில், சுவரோடு ஒட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இடது கையால் கண்களை மறைத்திருந்தாள். வலது கையில் நுனி மழுங்கிய ஒரு கரண்டி. அவளுக்குப் பக்கத்தில், சுவரில் துருத்திக்கொண்டிருந்த போல்ட்டின் தலை மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"நாங்க..." என்று சைரன் ஆரம்பித்தான்.

அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "பதில் தட்டினது யாரு?" குரல் உலர்ந்து உடைந்திருந்தது.

மெக்கானிக் பள்ளிக்கூடத்தில் கை தூக்குவதுபோல் ஸ்பானர் பிடித்த கையைத் தூக்கினான். அவள் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி" என்றாள் பிறகு. சைரன் ஓடினான். இரண்டு டம்ளர் குடித்தாள். வரவேற்பறையில் உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடியே லிஃப்ட் வாசல்வரை வந்தாள். தரை மட்டத்தில் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான் அவன். "மத்தவங்க முன்னாடி வேண்டாம். நம்ம ரெண்டு பேர் பேரும் கெட்டுப்போகும்."

அவள் ஆபரேட்டர் பக்கம் திரும்பினாள்.

"நானும் பல் டாக்டர்தான். ஒரு பெரியவர் என்கிட்டதான் வைத்தியத்துக்கு வந்துட்டிருந்தார். ஒரு ஊசி மருந்து அவருக்கு ஒத்துக்காதுன்னு நானே சிவப்பு மையில எழுதி வெச்சிருந்தேன். அன்னிக்கு நான் இல்ல. இவர் அதைப் படிக்காம போட்டுட்டார். அந்த நாற்காலியிலேயே போயிட்டார் மனுஷன். மாரடைப்புன்னு வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லிட்டு, நான் எழுதின தாளைக் கிழிச்சுப் போட்டார். நான் உண்மையைச் சொல்லப் போறேன்னு சொன்னேன். அதான்." லிஃப்ட் பக்கம் கை காட்டினாள். "ஒவ்வொரு நாளும் வந்து, சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு, விட்டுடறேன்னு கேப்பார்."

"நீங்க பண்ணல" என்றான் சைரன்.

"எப்படிங்க பண்றது?"

கீழே தெருவில் ஜீப் வந்து நின்ற ஓசை கேட்டது. யாரோ சப்-இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு படியேறினார்கள்.

"போலீஸ் வந்தாச்சு" என்றார் ஆபரேட்டர். "இனிமே பயமில்ல. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு போன் பேசணும். கொடுக்கறீங்களா?"

சைரன் கைபேசியை நீட்டினான். அவள் தாளோ குறிப்போ கேட்கவில்லை. கண்களை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

"மறந்துடுவேனோன்னு தினமும் சொல்லிப் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றது லிஃப்டுக்குள்ளிருந்து வந்த குரல். அதில் இப்போது தாழ்வும் இல்லை, நயமும் இல்லை. கம்பிகளை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தான். "வேண்டாம்! அதை மட்டும் பண்ணாதே! உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

மணி நான்கு முறை அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை ஒன்று எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"ஹலோ, யாருங்க?"

"பல் டாக்டர் பேசறேன்மா. உங்க அப்பா என்கிட்டதான் வைத்தியம் பார்த்துட்டிருந்தார்." அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "அவருக்கு வந்தது மாரடைப்பு இல்ல. முழுசாச் சொல்லணும். கொஞ்சம் உக்காந்துக்கறீங்களா?"

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.